கிரீஸ் பூசிய வயல்

பீன்யா இரண்டாம் கட்டம்.
பவுடர் கோட்டிங் பட்டறைக்கும்
போல்ட் நட்டுக் கிடங்குக்கும் நடுவே
ஐந்து மீட்டர் நீளத்தில் எனக்கொரு வயல்.
ரப்பர் பெல்ட். மேலே பட்டையாய்க் கிரீஸ்.
விதைக் கருவி இங்கே நகராது;
நிலம்தான் அதன் கீழே ஓடும்.

விழும் ராகி துள்ளாமல்
விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும்,
அதற்குத்தான் கிரீஸ்.
பெல்ட்டை நிறுத்திக் குனிந்து அளப்பேன்,
முதுகு விறைக்கும்வரை:
பத்து சென்டிமீட்டர், பத்து, ஒன்பதரை,
இருபத்தொன்று. நடுவில் ஒரு வெறுமை.
அடுத்து ஒன்றையொன்று உரசிக்கொண்டு இரட்டை.
வெறுமையும் பிழை. இரட்டையும் பிழை.
படிவத்தில் தனித்தனிக் கட்டம்.

"கடுகளவு கூட இல்லாததுக்கு
இத்தனை கெடுபிடியா மேடம்?"
நவாஸ், வாணியம்பாடிக்காரர்,
விமானத்துக்கு உதிரி கடைந்த கை.
விதைத்தட்டின் துளை
மயிரிழை பெருத்தால் இரட்டை,
மயிரிழை சிறுத்தால் நசுங்கி மாவு.
ராகிக்கோ வரைபடம் படிக்கத் தெரியாது.
ஒரே கதிரில் ஒன்று உருண்டை, ஒன்று சப்பை.
விமானமே தேவலாம் என்கிறார்.

மதியம் கேன்டீனில் களி.
விழுங்கும்போதும் எண்ணத் தோன்றுகிறது.
எதிர்ச் சுவரில் முதலாளி ஒட்டிய போஸ்டர்:
உலகுக்கே சோறு, நாளைக்கும் சோறு.
பூமிப்பந்தைத் தாங்கும் இரண்டு கைகள்,
நகக்கண்ணில் அழுக்கே இல்லை.

ஜூன் மாதம் நெலமங்கலாவுக்குக் கொண்டுபோனோம்.
புட்டலக்ஷ்மி, ஒன்றரை ஏக்கர், மானாவாரி.
வேனிலிருந்து இறக்க இரண்டு ஆள்.
(வரப்பு வந்தால்? என்று அவள் கேட்டது
அப்போது என் காதில் ஏறவில்லை.)
தொண்ணூற்றிரண்டு சதம் சரி என்ற அறிக்கை
என் பைக்குள் இருந்தது.
முந்தின இரவு பெய்திருந்தது.
தள்ளிக்கொண்டே போனாள்.
கோடிவரை போய்த் திரும்பி
சாலை விரலால் கீறிப் பார்த்தாள்.
ஒன்றுமில்லை.
இன்னும் ஒரு அடி தள்ளிக் கீறினாள்.
ஒன்றுமில்லை.
குழாயின் வாயில் சேறு.
எந்த இடத்தில் அடைத்ததென்று
கருவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"மண் மூடுவது மண்ணின் வேலை.
அதற்கு முன்னாலேயே இரும்பால் மூடிவிட்டீர்களே.
விழுகிறதா இல்லையா, எனக்கு யார் சொல்வார்கள்?
பதினைந்து நாள் கழித்துப் பயிர் சொல்லும்.
அப்போது மழை இருக்காது."
கன்னடத்தில் சொன்னாள், கோபமில்லாமல்,
வார் அறுந்த செருப்பால்
குழாயைத் தட்டிக்கொண்டே.

தொண்ணூற்றிரண்டை நான் வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் மருந்துக் கடையில்
குளுக்கோஸ் ஏற்றும் குழாய் கேட்டேன்.
யாருக்கு உடம்புக்கு என்றார்.
வயலுக்கு என்றேன்.
அது சன்னம், கட்டைவிரல் தூரத்திலேயே அடைத்தது.
மீன்தொட்டி விற்கும் கடையில்தான்
சரியான தடிமன் கிடைத்தது, மீட்டர் நாற்பது ரூபாய்.
இப்போது விதை இறங்குவது தெரிகிறது,
கண்ணாடி வழியே எறும்புச் சாரி போல.
வரைபடத்தில் உதிரி எண் பதினேழு.
எடை மட்டும் இன்னும் குறையவில்லை.
வரப்பு என் தூக்கத்தில் வருகிறது.

ஆயுதபூஜைக்கு மூன்று நாள் ஷட்டர் இறங்கியிருந்தது.
லேத்துக்குச் சந்தனம், பெல்ட் மோட்டாருக்குக் குங்குமம்.
இன்று காலை திறந்தால்,
கூரைத் தகடு சொட்டும் மூன்றாவது மீட்டரில்
பிழை என்று நான் குறித்திருந்த இரட்டை
முளைவிட்டிருக்கிறது. இரண்டுமே.
கிரீஸுக்குள் வேரை எங்கே விடுவதென்று
தெரியாமல் சுருண்டிருக்கிறது.

நவாஸ் பழக்கதோஷத்தில்
ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.
"பதினோரு மில்லி, எழுதிக்கோங்க."
படிவத்தைப் புரட்டினேன்.

பத்தரைக்கு அடுத்த தட்டு.
அதற்குள் பெல்ட்டைத் துடைத்தாக வேண்டும்.
ஆளுக்கொரு பழந்துணியோடு
நின்றுகொண்டிருக்கிறோம்.