பாகம் எண் 117

நம்ம ஆள் என்றால் பென்சிலால் வட்டம்.
அவுக ஆள் என்றால் பெருக்கல்.
தெரியவில்லை என்றால் கேள்விக்குறி.
இருபத்திரண்டு வருசமாக
வாக்காளர் பட்டியலை இப்படித்தான் வாசிக்கிறேன்.

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மோட்டார் ரீவைண்டிங் கடை எனக்கு.
கருகிய காயிலைப் பிரித்தால்
எந்தச் சுற்றில் எரிந்தது என்று தெரிந்துவிடும்.
ஓட்டு அப்படி இல்லை.
பலவேசம் வீட்டில் ஆறு ஓட்டு, ஆறும் வட்டம் என்று எழுதினேன்.
நான் பேசப் பேச மூத்த மருமகள்
அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்ததை
எழுத விட்டுப்போச்சு.

டிவியில் கோட் போட்டவர்
தென்மண்டலத்தில் அலை என்றார், சரிவு என்றார்,
மூன்று புள்ளி நான்கு சதவீதம் என்றார்.
117இல் அலை அடித்து நான் பார்த்ததில்லை.
கல்யாணத்துக்கு வராத கோபம்,
வாய்க்காலில் ராத்திரி பலகை போட்டது யார் என்ற சந்தேகம்,
அண்ணனுக்குப் போட்டால் தம்பி மாற்றிப் போடுவான்,
இதற்கெல்லாம் சதவீதம் கிடையாது.

சண்முகவடிவு மடியில் பீடித்தட்டு.
இலை வெட்டும் கத்தரி நிற்காமலே கேட்டாள்:
“பிராட்டிகுளத்து மடை என்னாச்சு?
போன எலெக்சனுக்கும் நீருதானே வந்தீரு.”
கேள்விக்குறி.
ஏழு தரம் அந்தப் படி ஏறினேன்.
ஏழாவது தரம், “சரி” என்றாள்.
எதற்குச் சரி என்று கேட்க
எனக்குத் தைரியம் வரவில்லை.

எண்ணிக்கை பாளையங்கோட்டையில்.
ஒரு பெட்டியில் ஒரு ஓட்டு இடிக்கிறது என்று
நாற்பது நிமிசம் மல்லுக்கட்டு.
சீல் நம்பரைச் சத்தமாகப் படித்தோம்,
படிவத்தை வெளிச்சத்தில் பிடித்தோம்,
அவுக ஏஜென்ட் சிவனணைந்தான் என் சட்டையைப் பிடித்தான்.
பிறகு ஒரே பொட்டலத்துத் தயிர்ச்சாதத்தை
ரெண்டு பேரும் தின்றோம்.
117இல் நமக்கு மூன்று ஓட்டு கூடுதல்.
மூன்று!
தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள் என்னை.

எட்டு மாசம் கழித்து
குளங்களின் எல்லையைத் திரும்ப வரைகிற சட்டமுன்வடிவு,
சாயங்காலம், கடைசி இனம்.
அவைக்குறிப்பைத் தேடி வாங்கி
கடையைப் பாதி சாத்திவிட்டு வாசித்தேன்.
நம்ம ஆள் பேர் ரெண்டு இடத்தில் இருந்தது.
ஒன்று, தலைவருக்கு நன்றி, அடைப்புக்குள்
(மேசையைத் தட்டும் ஒலி).
இன்னொன்று (குறுக்கீடு).
அப்புறம்:
ஏற்போர் ஆம் என்க.
மறுப்போர் இல்லை என்க.
நிறைவேறியது.

எத்தனை பேர் ஆம்?
பக்கத்தைத் திருப்பினேன்.
அவை மறுநாள் காலைக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது.
சீல் இல்லை, படிவம் இல்லை,
சட்டையைப் பிடிக்க ஒருத்தன் இல்லை.
சிவனணைந்தானுடைய ஆளும்
வேறு எதற்கோ வெளிநடப்புச் செய்து
வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தாராம்.
நம்ம ஆள் ஆம் என்றாரா,
கொட்டாவி விட்டாரா?
ரெண்டுக்கும் வாய் ஒரே மாதிரிதான் திறக்கும்.

பிராட்டிகுளத்தின் உள்வாயில்
புதுக் கல் நட்டுவிட்டுப் போனார் சர்வேயர்.
மடைக்கும் கல்லுக்கும் நடுவே இப்போது
ஆடு மேய்கிறது.
சண்முகவடிவு என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.
கேட்டால் தேவலை.

உள்ளாட்சிக்குப் புதுப் பட்டியல் வந்துவிட்டது.
வரிசை எண் 408, என் பேர்.
முதல் வட்டம் எப்போதும் அங்கேதான் போடுவேன்.

சிவனணைந்தான் மோட்டாரைத் தோளில் சுமந்துவந்தான்.
“கிணத்துல தண்ணி இல்லாம ஓடியிருக்கு வே.
எந்தச் சுத்துல போச்சுன்னு பாரும்.”
“பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
மேசையில் பட்டியல் திறந்தே கிடந்தது,
408க்கு நேரே வெறும் தாள்.
எட்டிப் பார்த்தான்.
நான் மூடவில்லை.