வெள்ளிக்கிழமை, நான்கு மணி

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக்
காற்றை நிறுத்துவது என் வேலை.

கூரையடி அறையில் சாம்பல் நிறப் பெட்டி,
அதில் ஒரு குமிழ்.
வலமிருந்து இடம் திருப்பினால்
பள்ளிக்கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டு
விசிறிகள் அடங்கும்.
திங்கள் காலை ஆறு மணிக்குத் திரும்ப முடுக்குவேன்.
மின்சாரம் மிச்சமாகும் என்று நகராட்சி எழுதிய கடிதத்தைப்
பெட்டிக் கதவிலேயே ஒட்டிவைத்திருந்தேன்.
பதினோரு வருடம்.
கயானி நகரில் ஓர் ஆணைக்கு
இவ்வளவு ஒழுங்காய்க் கீழ்ப்படிந்தவன்
வேறு எவனும் இருக்க மாட்டான்.

கழிவறை விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.
அது வேறு இணைப்பு.
யாருக்கும் அது நினைவில்லை, எனக்கும்தான்.
பனிக்குப் பயந்து இறுக மூடிய கட்டடம்
எங்கிருந்தாவது மூச்சிழுத்தாக வேண்டுமே,
தன் சுவருக்குள்ளிருந்தே இழுத்தது
சனி, ஞாயிறு, இரண்டு இரவும்.

பதினான்காம் அறையில் ரைலி டீச்சர். கணக்கு.
அக்டோபரில் தொண்டை கட்டும்.
டிசம்பரில் கிசுகிசுப்பு.
பிப்ரவரியில் எல்லாவற்றையும்
பலகையில் எழுதியே பாடம் நடத்துவாள்,
பிள்ளைகளைத் திட்டுவதையும்கூட.
ஜூலையில் ஒருநாள் சந்தையில்
மீன்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள்,
வெண்கல மணி மாதிரிக் குரல்.
"விடுமுறை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது" என்றேன்.
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
இரண்டு பேருமே கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாம் வகுப்பு ஸகல்
பென்சில் டப்பாவில் இன்ஹேலர் வைத்திருந்தாள்,
ரப்பருக்கும் அளவுகோலுக்கும் நடுவில்.
ஆர்ட்டூரிக்கு மதியமானால் மூக்கில் ரத்தம்.
சமையற்கட்டு மார்யட்டாவுக்குக் கண்ணெரிச்சல்,
வெங்காயம் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.
பெற்றோர் கூட்டத்தில் பாதிப் பேர் நாற்றம் என்றார்கள்.
பாதிப் பேர் பிரமை என்றார்கள்.
"நாங்களும் இங்கேதான் படித்தோம்,
எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று எழுந்தார்
நகர்மன்ற உறுப்பினர்.
கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.
நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஊலுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள்,
முகமூடியும் துளைப்பானுமாக.
பதினான்காம் அறைச் சுவரில்
நாணயம் அளவுக்கு ஒரு துளை.
அதிலிருந்து வந்தது
ஈரம் ஊறிய உருளைக்கிழங்கு நிலவறையின் வாசம்.
எனக்குப் புதிதில்லை.
என் மேல்சட்டையின் வாசம் அது, என் காரின் வாசம்.
"பள்ளிக்கூடத்தை வீட்டுக்குக் கூட்டிவராதே" என்று
மனைவி வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாளே,
அந்த வாசம்.

எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டார்கள்.
கடிதத்தைக் காட்டினேன்.
அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.
படத்தில் என் கை விழவில்லை.

பிள்ளைகளின் ஓவியங்களை நான்தான் கழற்றினேன்.
சுவர் இருந்தால்தானே சித்திரம் என்பார்கள்.
கலைமானுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திட்டு,
ராக்கெட்டுக்குப் பின்னால் ஒன்று.
ஸகல் வரைந்த சூரியனுக்குப் பின்னால்
சுவரே இல்லை,
விரல் வைத்தால் உள்ளே போயிற்று.

இப்போது பள்ளி, முற்றத்தில்
வரிசையாய் நிற்கும் வெள்ளைப் பெட்டிகளில்.
தகரக் கூரை. ஜன்னல் திறக்கிறது.
விசிறிச் சத்தம் லாரி மாதிரி.
அதையும் மீறி ஏழாம் வாய்ப்பாடு கேட்கிறது,
பனி கொட்டும் ஜனவரியில்,
ரைலியின் சொந்தக் குரலில்.

பழைய கட்டடத்தின் சாவி இன்னும் என்னிடம்தான்.
குழாய் உறையாமல் பார்க்கத் தினமும் போகிறேன்.
வெள்ளி நான்கு மணி ஆனால்
கை தானாக மேலே போகிறது.
சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று அவளிடம் சொன்னேன்,
குமிழ், கடிதம், பதினோரு வருடம், எல்லாம்.
கையுறையிலிருந்து பனியைத் தட்டியபடியே
வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள்.

குரல் இல்லாமல் அல்ல, இந்த முறை.