முக்காற்புள்ளியை உயர்த்துதல்

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆற்றின் மேல் பனிக்கட்டி,
நாய்கள் நடக்கலாம், ஆட்கள் வேண்டாம்.
ஹில்யா ரௌட்செப்
திரையை எட்டு மடங்கு பெரிதாக்குகிறாள்.
சமக்குறிக்கு முன்னால்
முக்காற்புள்ளி சற்றே இறங்கி இருக்கிறது,
குட்டை நாற்காலி வாய்த்த விருந்தாளிபோல.

மயிரிழை தூக்கினால் போதும்.
இரண்டு புள்ளிக்கும் இரண்டு கோட்டுக்கும்
ஒரே நடு.
இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு இடம்.

கணிதம் அவளுக்கு வராது.
புள்ளி நிற்கும் பக்கம் இருப்பது புதுசு,
இனி இதற்கு இதுதான் பொருள்,
ஏன் என்று கேட்கக் கூடாது.
புள்ளி இல்லையென்றால்
நிரூபித்தாக வேண்டும்.
அவ்வளவு தெரியும்.
(முக்கால் என்கிறோமே என் மொழியில்,
மீதிக் காலை
நானும் கேட்டதில்லை.)

எண்பத்தெட்டாம் பக்கத்தில் கை நின்றது.
இந்தச் சாய்ந்த எழுத்துக்குப்
பத்தொன்பதிலேயே பொருள் சொல்லியாயிற்றே.
ஒரு பிள்ளைக்கு
இரண்டு தரமா பெயர்சூட்டுவார்கள்?

நூலாசிரியர் கால்யு வைக்லாவை அழைத்தாள்.
"தட்டச்சுப் பிழைதானே?"

வெகுநேரம் ஒன்றுமில்லை.
நாற்காலி நகர்ந்தது.
தாள் புரண்டது, திரும்பவும் புரண்டது.

"அந்தப் புள்ளியை எடுத்துவிடுங்கள்."
"எடுத்தால்?"
"இரண்டும் சமம் என்று நான் காட்ட வேண்டும்."
"காட்டுவீர்கள்தானே?"
"இலையுதிர்வதற்குள்" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"தெரியவில்லை."

எடுத்தாள்.
வரி தானாக நெருங்கி
இடைவெளியை மூடிக்கொண்டது.
அங்கே எதுவும் இருந்ததாகவே தெரியவில்லை.

புத்தகம் இந்த ஆண்டு வராது.
ஆனாலும் மிச்சத்தைத் தூக்கினாள்,
ஒவ்வொன்றாக,
இம்முறை
இருபக்கமும் வாசித்து.