பதினோராவது அடி

முதல் விமர்சனம் நாலே வரி.
"குருநகர் ஐஸ் தொழிற்சாலையின் பின்னறையில்
நாலு பேர் ஒரு தகரக் கொட்டிலைக் கழற்றுகிறார்கள்.
அதற்குப் பெயர் மெற்றலாம்."
பிழை சொல்ல ஏலாது.
தகரம் இருந்தது.
யெனிஸ்ரனின் இடக்கால் பெடல்
பாட்டுக்கு ஒருதரம் கழன்றது.
மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து
நான் பேஸ் வாசித்தேன்.
மயூரதி உறுமினாள்.
ஐஸ் ஏற்ற வந்த லொறிக்காரர்
உள்ளே ஆருக்கும் வலிப்போ என்று
எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எழுதியவர் பெயர் கந்தவேள்.
வெள்ளிக்கிழமை இதழில் கால்ப்பக்கம் அவருக்கு.
சேந்தன் அதை வெட்டி
அம்பிளிபயரின் முதுகில் ஒட்டினான்,
சூட்டில் அது பழுக்கட்டும் என்று.

பதினொன்று எங்கிருந்து வந்ததென்று
இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.
அந்தப் பழைய கொம்பிறஸர்
பத்துத்தரம் இடிக்கும்,
பிறகு ஒருதரம் மூச்சு வாங்கும்.
யெனிஸ்ரன் மூச்சையும் சேர்த்து எண்ணினான்.
எங்களுடைய கோட்பாடு அவ்வளவுதான்.

இரண்டாவது அல்பத்துக்கு 'உவர்' என்று பெயர் வைத்தோம்.
அதில் ஒரு பாட்டு பதினெட்டு நிமிடம்,
ஏழில் தொடங்கிப் பதின்மூன்றில் தடுக்கி
திரும்பப் பதினொன்றில் வந்து விழும்.
கொழும்பில் எழுதினார்கள்: போரின் வடு.
ரொறன்ரோவில் எழுதினார்கள்:
யாழ்ப்பாணத்துப் பெடியள், ஒரு தவில்கூட இல்லையே.
கந்தவேள் எழுதினார்:
"கணக்கில் தொண்ணூற்றெட்டு. பாட்டு எங்கே?"

பாட்டு கிணற்றைப் பற்றியது.
அரியாலையில் சேந்தன் வீட்டுக் கிணறு.
ஆவணி பிறந்தால்
அந்த வீட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுப் பயனில்லை.
வடுவைத் தேடி வந்தவர்கள்
வரிக்கு வரி கிடந்த வாளியில்
கால் தடுக்கி, வாளியைப் பாராமலே போனார்கள்.

பிறகு மூன்று வருடம்.
மயூரதி ஒருநாள் உறுமவில்லை.
"தொண்டை சரிதான், கோபம்தான் வேறமாதிரிக் கிடக்கு" என்றாள்.
சேந்தன் நாலு நிமிடத்துக்குக்
கிற்றாரின் கரகரப்பை நிற்பாட்டினான்.
யெனிஸ்ரன் குச்சியை வைத்துவிட்டு எழும்பினான்:
"இது மெற்றலோ, மழைக்குப் படுத்திருந்து கேக்கிற பாட்டோ?"
இருபது நாள் வரவில்லை.
வந்தபோது ஒரேயொரு சிம்பலைக் கொண்டுவந்தான்,
மிச்சத்தை விற்றிருந்தான், அல்லது
விற்றதாகச் சொன்னான்.

மூன்றாவது அல்பத்தைக் கேட்டு
பழைய ரசிகர்கள் 'விலைபோயிட்டாங்கள்' என்றார்கள்.
அதுகூடப் பரவாயில்லை,
வாங்கினவன் ஆரென்று தேடிச் சிரித்தோம்.
கந்தவேள் எழுதினார்: "வளர்ந்துவிட்டார்கள்."
முப்பத்தொரு வயதில்
தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து வாங்கின மாதிரி
இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழியில் சுண்டிக்குளிப் பக்கம் ஒரு மண்டபம்.
மழை. ஜெனரேற்றர். நூற்றிருபது கதிரை.
மூன்றாம் வரிசையில் கந்தவேள்,
நனைந்த சேட்டோடு, தொடையில் விரல்விட்டு எண்ணுகிறார்.
மேடையில் இருந்து பார்க்கிறேன்:
பத்துவரைக்கும் வருகிறார்,
பதினோராவதுக்கு விரல் இல்லை,
திரும்பச் சின்னவிரலில் தொடங்குகிறார்.

கடைசிப் பாட்டின் கடைசிச் சுற்றில்
பதினோராவது அடி விழவில்லை.
பெடல் கழன்றுவிட்டது.
மழை மட்டும் கூரையில்.
ஒருவரும் இருமவில்லை.
பிறகு நாங்கள் எப்படியோ ஒன்றாய் இறங்கினோம்.

வாசலில் குடையை விரித்தபடி கேட்டார்:
"அந்த இடம்... பிழைச்சதோ, வேணுமெண்டோ?"
"வேணுமெண்டுதான்" என்றேன்.
அதற்கு அரைப்பக்கம் தந்தார்.
இந்த இசைக்குழு இத்தனை வருடமாய்த்
தேடியது அந்த மௌனத்தைத்தான் என்றார்.

இப்போது ஆட்கள் அந்த இடத்துக்கென்றே வருகிறார்கள்.
ஒவ்வொரு மேடைக்கும் முன்னால்
யெனிஸ்ரன் குந்தியிருந்து
அந்தத் திருகாணியை அரைச்சுற்றுத் தளர்த்துகிறான்.
சில நாளில் கழலுதில்லை.