இருபதுக்குக் கீழே

களியக்காவிளை எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
விழிஞ்ஞத்துக்குப் போகும் பாறாங்கல், நேந்திரங்குலை, ரப்பர் ஷீட்டு,
எந்த வண்டியானாலும் ஒரு நிமிஷம் வெளியே நிறுத்துவேன்.
திரையில் முதலில் பூஜ்யம் வரணும்.
மழைத்தண்ணீர் தேங்கினால் அறுபது கிலோ காட்டும்,
சேறு நாற்பது.
கழுவிவிட்டுத்தான் எடை.

ஜெசிந்தாளுக்கு ஈறு கசிந்தபோது
பிரஷ்ஷை மாற்றினோம்.
முட்டியில் நீலம் படர்ந்தபோது
கட்டில்காலைத் திட்டினோம்.
பாறசாலை தாண்டி, நெய்யாற்றின்கரை தாண்டி, திருவனந்தபுரத்தில்
இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சிய சாறு
அறுபத்திரண்டு சதவீதம் என்றது.
எதில் அறுபத்திரண்டு என்று கேட்க
எனக்கு நாலு நாள் ஆயிற்று.
முற்றாத அணுக்களாம். வேலைக்கு ஆகாது,
இடத்தை மட்டும் அடைக்கும்.

டாக்டர் சின்னப் பெண். எங்களுக்காக மலையாளத்தை மெதுவாக ஓட்டினாள்.
ஏழு நாள் ஒரு மருந்து, அதில் மூன்று நாள் கூடவே இன்னொன்று.
அது சிவப்பு, சிறுநீரும் சிவக்கும், பேடிக்கண்டா.
பிறகு மஜ்ஜ மாற்றிவைக்கல்.
"மாத்தி வச்சா திருப்பி எப்ப எடுப்பாங்க?" என்றாள் ஜெசிந்தாள்.
அந்த ஊரில் கூட்டத்தைத் தள்ளிப்போட்டாலும் அதே வார்த்தைதான்.

இல்லையென்றால் லேசான ஊசி, மாதம் ஏழு நாள்;
ரத்தம் ஏற்றிக்கொண்டு வீட்டிலிருக்கலாம்.
எவ்வளவு காலம் என்றேன்.
"காலம் சொல்லி நான் நிறைய தடவை தப்பியிருக்கேன்."
இப்படிப் பேசும் ஒருத்தியை
என் மேடையில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவர் பொருந்தலாம்.
இவளுக்கு மூன்று பேர். கணக்கில் ஒன்று குறைந்தது.
பஹ்ரைனில் கிறிஸ்துராஜ், இல்லை.
அருமனையில் ஸ்டெல்லாபாய், இல்லை; தான் ஏதோ திருடியதுபோல
லேப் வாசலில் நின்று அழுதாள்.
ராஞ்சியில் மடத்திலிருக்கும் லீமாறோஸ்
பத்துக்குப் பத்து.

முப்பது மரத்தைக் கடுவெட்டுக்குக் கொடுத்தேன்.
சிஸ்டர் மூன்று நாள் ரயிலில், ஒரு டப்பா மாங்காய் ஊறுகாயோடு வந்தாள்
(ஊறுகாயை நர்ஸ் வாங்கிப் பூட்டிவைத்தாள்).
ஐந்து ஊசி.
"எலும்புக்குள்ள இருந்து யாரோ கதவைத் தட்டுறாங்க, மச்சான்."
மெஷின் நாலு மணிநேரம் ஓடி
தக்காளி ரச நிறத்தில் ஒரு பை தந்தது.
"இனி ஒனக்கு ஓ போயி என் பி வந்துரும்."
"கோவமும் சேந்து வருமா?"
கண்ணாடிக்கு இந்தப்பக்கம் மூன்று பேரும் சிரித்தோம்.
அவள் உதட்டுப் புண்ணால் சிரிக்கவில்லை.

அதற்கு முன்பே அவளைக் கழுவித் துடைத்திருந்தார்கள்.
வெள்ளணு பூஜ்யம்.
பூஜ்யம் என்று தினமும் போனில் சொல்வார்கள்,
நான் சரி என்பேன்.
வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் தடவை
அந்த எண்ணுக்காகக் காத்திருந்தேன்,
இப்படிக் குலை நடுங்கியதில்லை.

பதினோராம் நாள், விடியாத நாலரை.
பாறாங்கல் லாரி மேடையில் ஏறி நிற்கிறது.
வார்டிலிருந்து போன்: நாற்பது.
நாற்பது என்றால் ஒன்றுமில்லை, நாளைக்கு இறங்கினாலும் இறங்கும்,
ஆசைப்பட்டுவிடாதீங்க என்கிறாள் நர்ஸ்.

என் மேடை இருபது கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது.
ஒரு பிள்ளை ஏறி நின்றாலும்
அதற்குப் பூஜ்யம்தான்.
இவர்களிடம் என்ன தராசு இருக்கிறது, தெரியவில்லை.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.
சீட்டில் எடை எழுதணும்.
நாற்பது என்று எழுதிவிட்டேன்,
அடித்துத் திருத்துகிறேன்.