அரைக்கால் சுற்று

எமில் ஸ்டிமாக் என்னோடு பேசி
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
அவன் பனிவீசும் எந்திரம் வாரியிறைப்பதெல்லாம்
என் கார்ப்பாதையில் விழுகிறது என்று
நான் சொன்னது உண்மை.
தெருவுக்கே கேட்கச் சொன்னதும் உண்மை.

இன்று அந்த எந்திரத்தையே உருட்டிக்கொண்டு
என் கொட்டகை வாசலில் நிற்கிறான்.
நாற்பத்தெட்டு வயது எஞ்சின்.
சுப்பீரியர் ஏரியின் இந்தக் கரையில்
கார்புரேட்டர் என்றால்
லெம்பியிடம்தானே வந்தாக வேண்டும்.
"இழுத்தால் இருமுது" என்றான், எந்திரத்தைப் பார்த்து.
கையுறையைக் கழற்றவில்லை.

கிண்ணத்தின் அடித்திருகை விடுவித்தேன்.
ஏப்ரலில் வடிக்காமல் விட்ட பெட்ரோல்
தேன்பாகாய் இறுகி
வார்னிஷ் நாற்றம் அடித்தது.
அந்தத் திருகுக்குள்ளேயே ஒரு வழி உண்டு,
அதன் இடுப்பில் ஒரு துளை.
கண்ணுக்கு எட்டாது. ஊதினால்தான் தெரியும்
அடைப்பா, இல்லையா என்று.
பழைய விளக்கு வயரில் ஒற்றை இழை பிரித்து
நுழைத்து நுழைத்து எடுத்தேன்.
அதற்கே முற்பகல் போயிற்று.

பித்தளை மிதவையைக் காதோரம் ஆட்டினேன்.
க்ளக்.
மிதக்க வேண்டியது
குடித்துவிட்டுக் கிடந்திருக்கிறது.
வெந்நீரில் அமுக்கியதும்
மூட்டு ஓரத்தில் ஒரே வரிசையாய்க் குமிழி.
துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே இருந்ததை வடித்து,
ஒரு பகல் ஒரு இரவு உலரவிட்டு,
பிறகுதான் ஈயம். கடுகளவு.
கடுகு மிளகானால் மிதவை கனக்கும்,
மட்டம் தப்பும்,
மறுபடி முதலிலிருந்து.

ஊசியை உள்ளே திருகும்போது
விரல் நுனிக்கு நிறுத்தத் தெரிய வேண்டும்.
தொட்டதா, போதும்.
இறுக்கினால் கூம்பில் தழும்பு விழும்,
தழும்பு விழுந்த ஊசி
எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது.
தொட்ட இடத்திலிருந்து வெளியே ஒன்றரைச் சுற்று.
புத்தகம் அதோடு நின்றுவிடும்.
மீதி காதோடு.

ஒரு யோசனை வந்தது, மறைக்க மாட்டேன்.
கால் சுற்று உள்ளே வைத்து
எஞ்சினைப் பட்டினி போட்டுக் கொடுத்துவிட்டால்?
பாரம் ஏறும்போது திணறும்,
பனி என் எல்லை வரை எட்டாது.
எமிலுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும், அதுகூடப் பரவாயில்லை.
ஆனால் அந்தத் திணறலைக் காலை ஆறு மணிக்குப்
படுக்கையில் கிடந்து கேட்கப்போவது யார்?
வைத்தேன், சரியாகவே வைத்தேன்.

எடுக்க வந்தவன்
பட்டறைக் கவ்வியின் வாயில்
இருபது டாலரைச் சொருகிவிட்டுப் போனான்.
வாய் திறந்தது கவ்வி மட்டும்தான்.

இரவு முழங்காலளவு பனி.
இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.
முன்பெல்லாம் பத்தடி போய் விழுந்தது
இப்போது இருபத்தைந்தடி:
கார்ப்பாதையைத் தாண்டி,
விறகு அடுக்கைத் தாண்டி,
என் சமையலறை ஜன்னலில்.
நன்றாக வேலை செய்தால் இதுதான்.

ஆனாலும் அந்தச் சத்தம்.
ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி.
என் கொட்டகையில் அடுப்பு எரிந்தது.
இங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபது,
காற்று கனக்கிறது, பெட்ரோல் போதவில்லை.
இதைக் கேட்டுக்கொண்டு காபி இறங்குமா?

இரவு உடைமேல் கோட்டு, கையில் திருப்புளி.
வருவதைப் பார்த்து எமில் நின்றான்.
எஞ்சினை நிறுத்தவில்லை, விவரம் உண்டு அவனுக்கு.
பனியில் முழங்கால் ஊன்றி
வெளியே அரைக்கால் சுற்று.
காத்திருந்தேன்.
உள்ளே ஒரு மாகாணி.
சத்தம் சமமாயிற்று,
இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி.

எமிலின் கை
பனி போகும் குழலின் கைப்பிடிமேல் இருந்தது.
திருப்புவான் என்று நினைத்தேன்.

கதவைச் சாத்துமுன்னே
ஜன்னலில் வந்து விழுந்தது முதல் வீச்சு,
சலித்த மாவைப் போல்,
கட்டியே இல்லாமல்.