மீதி

எங்களுக்கென்று வகுப்பறை கிடையாது.
புக்கிட் பாத்தோக் பள்ளியின் மூன்றாம் மாடியில்
படியோரம் ஓர் அறை.
போன வருடம்வரை விளையாட்டுச் சாமான்கள் கிடந்தது.
வளையங்கள் மாட்டிய ஆணிகள் இன்னும் சுவரில்.
தாய்மொழி நேரத்து மணி அடித்ததும்
முப்பத்தெட்டுப் பேர் வகுப்புகளிலிருந்து
ஒருவரும் இருவருமாக உதிர்ந்து வருவார்கள்,
பையைத் தரையில் இழுத்தபடி.
தொடக்கநிலை ஐந்து, தமிழ்:
ஏழு பேர்.

வருகைப்பதிவுக்குப் பெயர் கூப்பிட வேண்டாம்.
கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும்
ஹஃபீஸ் வரவில்லை,
தன்விகா அழுதிருக்கிறாள்.

என் பக்கத்து மேசை ரொஸ்லினா,
ஆங்கிலமும் கணக்கும் எடுப்பவள்.
முப்பத்தெட்டுக் கட்டுரை, ஒன்றுக்கு ஆறு நிமிடம்,
ஆக மூன்று மணி நாற்பத்தெட்டு நிமிடம் என்று
கோப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிப்பாள்.
"உனக்கென்ன, ஏழு" என்பாள்.
பொறாமை இல்லை அதில்.
வேர்வையைத் துடைப்பதுபோல் ஒரு பேச்சு.

நான் சொல்லாத பதில் ஒன்று உண்டு:
ஏழு பேருக்குள் ஒளிய இடமில்லை,
எனக்கும்.
வீட்டில் சண்டையாகி வந்த ஒரு காலையில்
வெண்பலகைப் பக்கமே திரும்பி நின்றேன்.
முதுகுக்குப் பின்னால்
ஏழு பென்சிலும் நின்றுவிட்டன.

நாடகம் போட ஆள் காணாது.
பட்டிமன்றத்தில் ஓர் அணிக்கு எப்போதும் ஒரு வாய் குறைவு.
"சண்டை போடக்கூட ஆளில்லை டீச்சர்" என்பான் ஷர்வேஷ்.
பெரிய வகுப்பில் அவன் ஒரு சொல் சொன்னால் கூரை அதிருமாம்.
இங்கே அதே சொல்லுக்கு
இரண்டு பேர் சிரிக்கிறார்கள், மரியாதைக்கு.

ஜோடி சேருங்கள் என்றால் மூன்று ஜோடி.
எஞ்சுவது எப்போதும் நிவின்.
சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய்
அவன் எதிரில் உட்காருவேன்.
அப்படி ஒருநாள்
வாய்மொழிப் பயிற்சிக்கு நடுவே
தமிழ்ப் புத்தகத்துக்குள் மடித்த கணக்குத்தாளைத் தடவியபடி
கேட்டான், மெதுவாக:
"டீச்சர், ரிமைண்டர்னா என்ன?"

கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒன்றுக்குப் புத்தகம்,
ரிமைண்டரில் பாதிக்குப் பந்து.
ஒரு வருடமாக அவன்
முழுப் பணத்தையே இரண்டு தடவை வெட்டிக்கொண்டிருந்தான்.
முப்பத்தெட்டுப் பேர் நடுவில்
இதை எப்படிக் கேட்பது?

நான் எண்கள் எழுதவில்லை.
மூன்று ஜோடியையும் காட்டினேன்.
"அவங்கல்லாம் போயாச்சு. இங்க யாரு?"
"நான்."
"அதுதான் மீதி. இனிமேல் பங்கு போடுறது உன்கிட்டேர்ந்து."
சிரித்தான்.
எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

ஆண்டு முடிவில் அட்டவணை வந்தது.
நிவின், கணக்கு: நாற்பத்தொன்று அறுபத்துமூன்றாகியிருந்தது.
தமிழ்: ஐம்பத்துநான்கு
ஐம்பத்துமூன்று.
சிறிய வகுப்பால் பலன் தெரிகிறதா என்று
கூட்டத்தில் கேட்டார்கள்.
என் பத்தியில் ஒன்றும் தெரியவில்லை.
அந்த இருபத்திரண்டு மதிப்பெண்
முப்பத்தெட்டுப் பேர் வகுப்பின் பெயரில் ஏறியிருந்தது.

அது நியாயமாகவும் இருக்கலாம்.
வியாழன்தோறும் சிற்றுண்டிச்சாலையில்
அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் ரொஸ்லினா.
அவன் அப்பா இரவு வேலையை விட்டதும்
அந்தப் பருவத்தில்தான்.
ஒரு சொல்லுக்கு எத்தனை மதிப்பெண் என்று
எனக்குத் தெரியாது.
நான் கை உயர்த்தவில்லை.

இன்னொரு தமிழாசிரியை பேறுகால விடுப்பில் போகிறார்.
ஜனவரியில் இரண்டு வகுப்பும் ஒன்றாகிறது.
ஏழும் பன்னிரண்டும்.
நல்ல அறை கிடைத்திருக்கிறது, கீழ்த்தளத்தில்,
ஆணி இல்லாத சுவர், ஒளிபடக்கருவி, இரண்டு மின்விசிறி.
ஷர்வேஷுக்குச் சந்தோஷம்.

பத்தொன்பதும் ஒற்றைப்படைதான்.
யாரும் வராத காலையில் மேசைகளைப் போட்டுவிட்டு
என் நாற்காலி அவற்றின் இடையே போகுமா என்று
தள்ளிப் பார்த்தேன்.

மூன்றாம் வரிசையில் இடித்தது.